ஒன்ராறியோ ஏரியில் சினூக் சால்மனுக்கு ட்ரோலிங்: இரை உண்மையில் எந்த ஆழத்தில் ஓடுகிறது, எவ்வளவு தூரம் பின்னால் விட வேண்டும்?

ரூஜ்நதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காபரோவின் ப்ளஃபர்ஸ் பார்க்கிலிருந்து சிறிய படகில் சென்று, ட்ரோலிங் முறையில் (ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்து) சினூக் சால்மன் பிடிக்க முயன்று வருகிறேன். ஆகஸ்ட் மாதக் காலைகளில், 130 அடி நீரில், மீன்காட்டியில் 70 அடி ஆழத்தில் மீன்களைக் குறிக்கும் பெரிய வளைவுகள் தெளிவாகத் தெரிகின்றன. டவுன்ரிகரின் (குண்டைக் கம்பியில் கட்டி இரையை ஆழத்துக்கு இறக்கும் கருவியின்) எண்ணியை 70-இல் நிறுத்தி, 10 இறாத்தல் குண்டுக்குப் பின்னால் 60 அடி நூல் விட்டு, ஜிபிஎஸ் காட்டும் மணிக்கு 2.8 மைல் வேகத்தில் ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக இரையை) இழுக்கிறேன். மீன் அடிப்பதில்லை. அருகில் ஓடும் படகுகளிலோ தடிகள் வளைந்தபடியே இருக்கின்றன. ஸ்பூனின் நிறத்தைப் பல முறை மாற்றிப் பார்த்தேன். வேறுபாடு எதுவும் தெரியவில்லை. மற்றொரு தடியில் லீட் கோர் (உள்ளே ஈயம் வைத்த) நூல் வைத்திருக்கிறேன். அதன் ஆழத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வடகரையான் எழுதியது:

தம்பி, நிறத்தைப் பற்றிய யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஸ்பூன் 70 அடியில் ஓடவில்லை என்பதே என் கணிப்பு. டவுன்ரிகரின் எண்ணி சொல்வது வெளியே போயிருக்கும் கம்பியின் நீளத்தை மட்டுமே. படகு நிற்கும்போது கம்பி செங்குத்தாகத் தொங்குவதால் நீளமும் ஆழமும் ஒன்றாக இருக்கும். படகு நகரத் தொடங்கியதும் நீர் கம்பியையும் குண்டையும் பின்னால் தள்ளுவதால், அதே 70 அடிக் கம்பி சாய்ந்து, குண்டு மேலே வந்துவிடும்.

எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்பதைக் கம்பியின் சாய்வே சொல்லிவிடும். செங்குத்திலிருந்து 20 பாகை சாய்ந்திருந்தால் 70 அடிக் கம்பி ஏறத்தாழ 66 அடி ஆழத்துக்குச் சமம். 30 பாகை என்றால் 61 அடி. 40 பாகை என்றால் 54 அடி. இந்தக் கணக்கு கம்பி நேர்கோடாக நிற்பதாக எண்ணிப் போட்டது. உண்மையில் கம்பி வளைந்து நிற்கும். நீர் மட்டத்துக்கு அருகில் சாய்வு அதிகமாகவும் குண்டுக்கு அருகில் குறைவாகவும் இருக்கும். ஆகவே மேலே நின்று நாம் பார்க்கும் சாய்வை வைத்துக் கணக்கிட்டால், குண்டு அந்த ஆழத்தைவிடச் சற்றுக் கீழேதான் இருக்குமே தவிர மேலே இருக்காது. பாகைமானி ஒன்றைப் படகில் வைத்திருங்கள்; பள்ளிக்கூடப் பெட்டியில் வரும் ஞெகிழிப் பாகைமானியே இதற்குப் போதும்.

10 இறாத்தல் குண்டு ஆழமான கோடைகால ஓட்டத்துக்கு இலகுவானது. 2.8 மைல் வேகத்தில் அது கணிசமாகப் பின்னால் போகும். 15 இறாத்தல் குண்டுக்கு மாறினால் சாய்வு குறையும். உங்கள் டவுன்ரிகரின் கையும் படகில் அது பொருத்தப்பட்டிருக்கும் இடமும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மீன்காட்டியில் குண்டு ஒரு கோடாகத் தெரிகிறதா? 20 பாகைக் கூம்புடைய மீன்காட்டி 70 அடி ஆழத்தில் ஏறத்தாழ 25 அடி அகலமுள்ள வட்டத்தைத்தான் பார்க்கும். அதாவது நடுப்புள்ளியிலிருந்து பின்பக்கம் 12 அடி மட்டுமே. கம்பி 30 பாகை சாய்ந்திருந்தால் குண்டு ஏறத்தாழ 35 அடி பின்னால் இருக்கும். திரையில் அது வரவே வராது. குண்டின் கோடு திரையிலிருந்து மறைந்துவிட்டால், அது வெகுவாகப் பின்தள்ளப்பட்டுவிட்டது என்று பொருள் கொள்ளலாம்.

ரூஜ்நதி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. குண்டின் கோடு திரையில் தெரிவதில்லை என்பது நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. அப்படியானால் எண்ணியை 80 வரை இறக்கினால் 70 அடியில் இருக்கும் மீனின் வாய்க்கு நேராக ஸ்பூன் வந்துவிடும் அல்லவா?

வடகரையான் எழுதியது:

வாய்க்கு நேராக வர வேண்டும் என்று எண்ணாதீர்கள், தம்பி. சால்மனின் கண்கள் முன்னும் மேலும் பார்ப்பதற்கு வாய்ப்பாக அமைந்தவை; அது கீழிருந்து மேலெழுந்து, ஒளியின் பின்னணியில் தெரியும் இரையைத் தாக்குகிறது. மீன் 70 அடியில் நின்றால் இரை 60க்கும் 68க்கும் இடையில் ஓடட்டும். மீனைவிடக் கீழே ஓடும் இரை அநேகமாக வீண். அதனால் ஆழத்தில் ஐயம் ஏற்படும்போதெல்லாம் மேல்பக்கமாகத் தவறுவதே நல்லது. ஆயினும் இன்னதென்று தெரியாமலே மேலே ஓடுவதும், 63 அடியில் ஓடுகிறது என்று அறிந்து ஓட்டுவதும் ஒன்றல்ல; மீன் அடித்த பிறகு அதே ஆழத்துக்கு இரையைத் திரும்பக் கொண்டுபோக முடிவது அறிந்து ஓட்டுபவரால் மட்டுமே.

திரையில் வளைவு தோன்றும் கணத்தில் பலர் தடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, உடனே அடிக்கவில்லை என்றதும் சலித்துக்கொள்கிறார்கள். அந்த மீன் படகுக்குக் கீழே நிற்கிறது. உங்கள் ஸ்பூனோ குண்டின் பின்தள்ளலையும் பின்னால் விட்ட நூலையும் சேர்த்தால் 100 அடி பின்னால் வருகிறது. 2.5 மைல் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரை அடி. ஸ்பூன் அந்த இடத்துக்கு வந்து சேர அரை நிமிடம் ஆகும்.

பிக்கரிங்வாசி எழுதியது:

வடகரையான் சொன்ன ஆழக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் ரூஜ்நதி குண்டுக்குப் பின்னால் விடும் 60 அடி நூலைப் பற்றி யாரும் பேசவில்லை. என்னுடைய கருத்தில் அது சரியான தூரமே. 1980களின் இறுதியில் வரிக்குதிரைச் சிப்பிகளும், அவற்றைத் தொடர்ந்து குவாகா சிப்பிகளும் பெரிய ஏரிகளுக்குள் புகுந்து நீரை வடிகட்டத் தொடங்கிய பின், ஒன்ராறியோ ஏரி முன்பைவிட மிகத் தெளிவாகிவிட்டது. தெளிந்த நீரில் குண்டும் கம்பியும் மீனுக்குத் தெரியும். கம்பி நீரில் அதிரும் ஓசையும் அதற்குக் கேட்கும். இரையை அவற்றிலிருந்து விலக்கி வைப்பதே அறிவுடைமை.

வடகரையான் எழுதியது:

நீர் தெளிந்துவிட்டது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை, நண்பரே. ஆனால் பின்னால் விடும் தூரத்தை நீரின் தெளிவை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. குண்டு எந்த ஆழத்தில் ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மே மாதத்தில், கரையோரம் 15 அடி நீரில் பழுப்பு ட்ரௌட்டைத் தேடி ஓடும்போது, படகின் நிழலும் இயந்திர ஓசையும் நேராக மீனின் தலைமேல் விழுகின்றன. அப்போது 80, 100 அடி பின்னால் விடுவதும், பலகை கட்டி இரையைப் பக்கவாட்டில் ஒதுக்குவதும் இன்றியமையாதவை. கோடையில் 70 அடி ஆழத்தில் நிற்கும் சினூக்குக்குப் படகு அவ்வளவு பெரிய பொருட்டல்ல. அந்த ஆழத்தில் நான் ஸ்பூனுக்கு 15 முதல் 30 அடியும், ஃபிளாஷருக்கு (சுழன்று மின்னி மீனை ஈர்க்கும் தகட்டுக்கு) 10 முதல் 20 அடியும் விடுகிறேன்.

குறைவாக விடுவதில் மூன்று நன்மைகளைக் காண்கிறேன். இரை குண்டின் ஆழத்திலேயே நிற்கும் என்பது முதலாவது. நீண்ட நூலில் இலேசான ஸ்பூன் மேலெழும், கனமான ஸ்பூன் கீழிறங்கும், முன்னால் தாடைத் தகடு வைத்த மீனுரு இரையோ தானாகவே பல அடி கீழே பாய்ந்துவிடும். திரும்பும்போது இரண்டு டவுன்ரிகர்களின் நூல்களும் ஒன்றோடொன்று சிக்காமல் இருப்பது இரண்டாவது. மூன்றாவது, மீன் அடித்ததும், நூலைக் குண்டோடு பிடித்திருக்கும் கிளிப்பிலிருந்து அது விடுபடும் வேகம். 60 அடி நைலோன் நூல் இரப்பராக நீளக்கூடியது. மீன் தலையை உதறும் முதல் வேகத்தை அந்த நீட்சியே விழுங்கிவிடுவதால் கொக்கி ஆழமாக ஏறாது. பெரிய சினூக்கின் வாய் எலும்பு எவ்வளவு கடினமானது என்பதைக் கொக்கியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பிக்கரிங்வாசி எழுதியது:

இந்த விளக்கத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் ஒளி நன்றாக இறங்கும் நண்பகலில், காற்றில்லாத நாள்களில், 70 அடியிலும் நீண்ட தூரம் விட்ட தடியே எனக்கு முதலில் வளைந்திருக்கிறது. ஒரு தடியில் 20 அடியும் மற்றதில் 60 அடியும் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ரூஜ்நதிக்குச் சொல்வேன்.

வடகரையான் எழுதியது:

அது நேர்மையான சோதனை. செய்து பாருங்கள், தம்பி. இரண்டிலும் ஒரே ஸ்பூனைக் கட்டினால்தான் ஒப்பீடு செல்லும்.

இனி லீட் கோர் நூலைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். லீட் கோரில் 10 யார் (கஜம்) நீளத்துக்கு ஒரு முறை நிறம் மாறும். ஒரு நிறம் ஏறத்தாழ 5 அடி இறங்கும் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு 2 மைல் வேகத்தை ஒட்டியது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள் 2.8 மைலில் ஓடுகிறீர்கள். நீரின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது, 2-இலிருந்து 2.8-க்கு ஏற்றினால் இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். ஈயத்தின் எடையோ மாறுவதில்லை. ஆகவே பத்து நிறமும் வெளியே விட்டு 50 அடியில் இரை ஓடுகிறது என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போது, அது அதைவிட வெகுவாக மேலே ஓடிக்கொண்டிருக்கும். எடையை நம்பி இறங்கும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்: லீட் கோர், செப்புக் கம்பி, நூலில் மாட்டும் ஈயக்கட்டி, டவுன்ரிகர் குண்டு.

தாடையுள்ள மீனுரு இரை வேறு வகை. அது எடையால் இறங்குவதில்லை. தாடைத் தகட்டில் மோதும் நீரின் விசையால் இறங்குகிறது. வேகம் கூடும்போது நூலைப் பின்னால் இழுக்கும் விசையும் கூடுகிறது, தகட்டைக் கீழே தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், 1.5 மைலிலும் 2.5 மைலிலும் அது ஓடும் ஆழத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அதன் ஆழத்தைத் தீர்மானிப்பவை வெளியே விட்ட நூலின் நீளமும் நூலின் தடிப்பும்தாம். மெல்லிய பின்னல் நூலில் ஆழமாகப் போகும் அதே இரை, தடித்த நைலோனில் மேலேயே நின்றுவிடும். அதிலும் முதல் 100 அடி நூல் தரும் ஆழத்தை அடுத்த 100 அடி தருவதில்லை. வெளியே போகப் போக நூலே பெரும் இழுவையாகி இரையை மேலே தூக்கும்.

இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லீட் கோரையும் தாடை இரையையும் ஒரே படகில் ஓட்டிக்கொண்டு வேகத்தை மாற்றினீர்கள் என்றால், ஒன்று ஆழம் மாறும், மற்றது மாறாது.

நெடுந்தீவான் எழுதியது:

தம்பிமார் இருவரும் எழுதுவதை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். தாடை இரையைப் பற்றி வடகரையான் சொன்னது தலைகீழாகக் கவிழ்த்த பட்டம்தான். ஊரில் பட்டம் ஏற்றியவர்களுக்குத் தெரியும்: பட்டத்தைத் தூக்குமளவு காற்று வந்துவிட்டால், அதற்குமேல் காற்று வலுத்தாலும் பட்டம் நிற்கும் கோணம் பெரிதாக மாறாது; கையில் இழுவைதான் கூடும். நூலை விடவிட ஒரு கட்டத்துக்குப் பின் நூல் தொய்ந்து, பட்டம் உயராமல் தூரம் மட்டும் போகும்.

நான் இளமையில் பாக்கு நீரிணையில் அறக்குளாவுக்குத் தூண்டில் இழுத்தவன். அங்கே பெரும்பகுதி பதினைந்து மீற்றருக்கும் குறைந்த ஆழம். மீனும் மேல்நீரில் பாயும். ஆழத்தைப் பற்றி இவ்வளவு கணக்குப் பார்த்ததில்லை. வேகமும், பல்லுக்குத் தாங்கும் கம்பியுமே எங்கள் கவலை. இந்த ஏரி வேறு உலகம். அதிகூடிய ஆழம் 244 மீற்றர் என்று வாசித்தேன். இவ்வளவு நீருக்குள் மீன் ஏன் 70 அடியில் மட்டும் நிற்கிறது என்பதை யாராவது விளக்குவீர்களா?

கயல் (போர்ட் கிரெடிட்) எழுதியது:

ஐயா, அதற்குக் காரணம் வெப்பநிலை. கோடையில் இந்த ஏரி அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலே 20 பாகை செல்சியஸைத் தாண்டிய இலேசான நீர் மிதக்கிறது. அடியில் 4 பாகையை ஒட்டிய கனத்த நீர் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. சினூக் 10 முதல் 13 பாகை வரையான நீரை விரும்புவதால் அந்த அடுக்கை ஒட்டியே நிற்கும். அது உண்ணும் அலேவைஃப் என்னும் சிறுமீனோ அதைவிட வெப்பமான நீரில், மேலே கூடுகிறது. விடியற்காலையில் சினூக் மேலேறி அந்தச் சிறுமீன்களைத் துரத்தும். வெயில் ஏறியதும் குளிர்ந்த நீருக்குள் இறங்கிவிடும். 1960களின் இறுதியிலிருந்து பசிபிக் சால்மன்களை இந்த ஏரிகளில் தொடர்ந்து விட்டதற்கு, அளவுக்கு மீறிப் பெருகியிருந்த அலேவைஃபைக் கட்டுப்படுத்துவதும் ஒரு காரணம்.

அந்த அடுக்கு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. நம் வடகரைக்கு இது மிக முக்கியம். மேற்குக் காற்று தொடர்ந்து வீசினால், பூமியின் சுழற்சியால் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது தெற்கே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலுள்ள குளிர்நீர் வடகரையோரம் மேலே வருகிறது. நேற்று 70 அடியில் இருந்த 12 பாகை நீர் இன்று 25 அடிக்கு வந்திருக்கலாம். கரையோரம் குளித்தவர்களுக்குக் கால் விறைத்துப்போகும். கிழக்குக் காற்று வீசினால் இதற்கு நேர்மாறாக வெப்பநீர் கரையில் குவிந்து, குளிர்நீர் அடுக்கு ஆழத்துக்குத் தள்ளப்படும். எனவே முதல்நாள் மீன் பிடித்த ஆழத்தை அப்படியே மறுநாள் பின்பற்றுவது பொருளற்றது. வெப்பமானியைக் குண்டோடு இறக்கி, 12 பாகை எங்கே இருக்கிறது என்று பார்த்த பின்பே தடியை இறக்குங்கள்.

ரூஜ்நதி எழுதியது:

கயல் அக்கா, மிகவும் பயனுள்ள விளக்கம். வேகத்தைப் பற்றி இன்னும் ஓர் ஐயம். என்னைப் போலவே 2.8 மைலில் ஓடுவதாகச் சொல்லும் நண்பர் ஒருவர் மீன் பிடிக்கிறார். அவர் மேற்கு நோக்கி ஓடும்போது மட்டும் மீன் அடிப்பதாகவும், திரும்பிக் கிழக்கே வரும்போது ஒன்றும் அடிப்பதில்லை என்றும் கூறுகிறார். இது எப்படி?

கயல் (போர்ட் கிரெடிட்) எழுதியது:

ஜிபிஎஸ் சொல்வது தரையைப் பொறுத்த வேகம். ஸ்பூன் ஆடுவது தன்னைச் சுற்றியுள்ள நீரைப் பொறுத்த வேகத்தில். கீழே ஓடும் நீரோட்டம் மேல்நீரோட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. இரண்டும் எதிரெதிராக ஓடுவதும் உண்டு. 70 அடியில் நீர் கிழக்கு நோக்கி அரை மைல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.8 மைலில் மேற்கே போகும்போது ஸ்பூனுக்கு அது 3.3 மைல்; கிழக்கே வரும்போது 2.3 மைல். ஒரே ஜிபிஎஸ் எண்ணில் முழு ஒரு மைல் வேறுபாடு. குண்டில் பொருத்தும் வேகமானி இருந்தால் அந்த எண்ணை நேராகப் படித்துவிடலாம். இல்லாதவர்கள் கம்பியின் சாய்வைப் பார்க்கட்டும்: ஒரு திசையில் 20 பாகையும் மறுதிசையில் 35 பாகையும் சாய்ந்தால், கீழே நீரோட்டம் இருக்கிறது. மீன் அடித்த கணத்தில் கம்பி நின்ற சாய்வை நினைவில் வைத்து, திரும்பிய பிறகும் அதே சாய்வு வரும்வரை வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

திருப்பங்களையும் வீணாக்காதீர்கள். படகு இடப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கத் தடியின் இரை வேகம் குறைந்து சற்றுக் கீழிறங்கும். வலப்பக்க இரை வேகமெடுத்து மேலெழும். உட்புறத் தடி திரும்பத் திரும்ப வளைந்தால் மீன் மெதுவான ஓட்டத்தை அல்லது இன்னும் ஆழத்தை விரும்புகிறது. வெளிப்புறத் தடி வளைந்தால் அதற்கு எதிர்.

பிக்கரிங்வாசி எழுதியது:

கயல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லீட் கோரும் தாடை இரையும் உண்மையில் எவ்வளவு ஆழம் போகின்றன என்பதை எவருடைய அட்டவணையும் இல்லாமல் நீங்களே அளந்துவிடலாம். கொக்கிகளைக் கழற்றிவிட்ட இரையைக் கட்டி, ஆழம் தெரிந்த மணல் தரைமேல், ஆழத்திலிருந்து கரையை நோக்கி நேராக, உங்கள் வழக்கமான வேகத்தில் ஓடுங்கள். இரை தரையைத் தொட்டதும் தடி நுனி தட்டத் தொடங்கும். அந்தக் கணத்தில் இரை எவ்வளவு பின்னால் இருக்கிறதோ, அவ்வளவு தூரத்துக்கு முன் மீன்காட்டி காட்டிய ஆழமே உங்கள் இரையின் ஆழம். சிப்பி படர்ந்த பாறைத் தரையில் இதைச் செய்ய வேண்டாம். அவற்றின் ஓட்டு விளிம்பு நூலை அறுத்துவிடும்.

ரூஜ்நதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குண்டை மாற்றி, ஒரு தடியில் 20 அடியும் மற்றதில் 60 அடியும் விட்டுப் பார்க்கப்போகிறேன். கடைசியாக ஒன்று: தாடை இரைக்கு நூலின் நீளம்தான் எல்லாம் என்றால், நூல் எண்ணும் ரீலை எவ்வளவு நம்பலாம்?

வடகரையான் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த எண்ணி நூலின் நீளத்தை அளப்பதில்லை. உருளை எத்தனை முறை சுற்றியது என்பதையே எண்ணுகிறது. உருளை விளிம்புவரை நிறைந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் போகுமோ அதை வைத்தே எண்கள் அமைக்கப்பட்டிருக்கும். அறுந்து, வெட்டி எறிந்து, உருளையில் பாதி நூலே எஞ்சியிருந்தால், ஒரு சுற்றுக்குக் குறைவான நூலே வெளியே போகும். எண்ணி 100 என்று காட்டும்போது வெளியே 75 அடிதான் இருக்கலாம்.

பூங்காவின் புல்வெளியில் 100 அடியை நாடாவால் அளந்து, நூலின் நுனியை மரத்தில் கட்டி, ரீலோடு பின்னால் நடந்து எண்ணி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது 100-க்கு மேல் காட்டினால், உருளையின் அடியில் மலிவான நைலோன் நூலைப் போதிய அளவு சுற்றி, அதற்குமேல் உங்கள் நூலை ஏற்றி விளிம்புவரை நிரப்புங்கள். ஒரே மாதிரியான இரண்டு ரீல்கள் வைத்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே நூலால், ஒரே அளவுக்கு நிரப்புங்கள். அப்போதுதான் ஒரு தடியில் மீன் அடித்ததும் மற்றதை அதே எண்ணுக்கு விட்டு அதே ஆழத்தை எட்ட முடியும். பின்னல் நூல் உருளையில் வழுக்கும். எனவே முதல் சுற்றுகள் நைலோனாகவே இருக்கட்டும்.